நாற்பது இலையா, நானூறு இலையா: கல்யாணக் கிழங்கு தேடிக் கல்வராயன் மலைக்கு மூன்று நாள்

போன மாதம் ஆத்தூரிலிருந்து ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன் நைஜீரியாக்காரன். கல்யாணச் சாப்பாட்டில் அவர்கள் ஊர்ப் பதார்த்தங்களும் இருக்க வேண்டுமாம். நம் பக்கத்தில் எதை எங்கே வாங்கலாம், தலைக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். அளவுக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. ஆகவே அந்தப் பயணத்தையே முழுதாக எழுதிவிடுகிறேன். அளவுகளும் உண்டு, பயப்படாதே.

எண்பதுகளின் பிற்பகுதி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். எந்த ரோடு எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. நான் சென்னையில் ஒரு விதை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். டாயோ அங்கே ஆராய்ச்சிக்கு வந்தவர். நைஜீரியாவில் இபடான் ஊர்க்காரர். தை மாதம் எங்கள் கல்யாணம் என்று முடிவானது. அதற்குப் பதினொரு நாள் இருக்கும்போது, டாயோவின் அத்தை ஃபுன்கேயும் நானும் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டோம்.

ஃபுன்கே அத்தைக்கு ஐம்பது வயது இருக்கும். இபடானில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். மருமகன் கல்யாணத்துக்குத் தானே சமைக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னதாகவே விமானம் ஏறி வந்துவிட்டார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம், இங்கே தமிழில் தருகிறேன். ஆனால் சந்தையில் ஏமாறக் கூடாது என்று வந்த முதல் நாளே தமிழில் எண்களைக் கற்றுக்கொண்டார். பத்து, இருபது, நூறு, ஆயிரம் எல்லாம் சுத்தமாகச் சொல்வார். வேறு ஒரு சொல் தெரியாது.

காலை 5.40க்குச் சென்னையில் பஸ். கட்டணம் இருபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு. (எல்லாம் அன்றைய விலை, இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.) செங்கல்பட்டு தாண்டியதும் அத்தை கேட்டார்.

"எத்தனை பேர் சாப்பிடுவார்கள்?"

"நானூறு" என்றேன்.

பொய். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் நெற்களத்தில்தான் கல்யாணப் பந்தல். ஃபாரின் மாப்பிள்ளை என்று டீக்கடையில் பெருமை பேசியவரும் அவர்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். நம் ஜனம் நானூறு பேருக்குச் சைவ விருந்து, பந்தலில். மாப்பிள்ளை வீட்டாரும் அவர் கூடப் படிக்கிற நைஜீரியப் பிள்ளைகளும் சேர்த்து நாற்பது பேர். அவர்களுக்கு அவர்கள் சாப்பாடு, களத்துக்குப் பின்னால் வைக்கோல் கொட்டகையில், மூன்றாம் பந்திக்கு அப்புறம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். டாயோவிடம் கூடச் சொல்லவில்லை.

உளுந்தூர்பேட்டையில் பத்தேமுக்கால் மணிக்கு இறங்கிப் பூரி சாப்பிட்டோம். அத்தை நாலு பூரி தின்றுவிட்டு நேராக ஓட்டல் அடுப்பங்கரைக்குள் போய், சோற்று அண்டாவின் வாயைத் தன் கையால் முழம் போட்டு அளந்தார். மாஸ்டர் கரண்டியோடு ஒதுங்கி நின்றார். திரும்பி வந்து, "ஜொலொஃப் சோற்றுக்கு இதே மாதிரி மூன்று வேண்டும்" என்றார். ஜொலொஃப் என்பது தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் அரைத்து வதக்கி, அந்தச் சாற்றிலேயே வேகவைக்கிற சிவப்புச் சோறு. புழுங்கலரிசிதான் அதற்கு ஏற்றது, பச்சரிசி குழைந்துவிடும்.

எலவனாசூர்கோட்டை தாண்டி மூன்று கிலோமீட்டரில், 11.35க்கு பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே முழுப் புளியமரம் ஒன்று வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது.

"இதுக்கு மேல போவாதுமா" என்றார் டிரைவர். "சாயங்காலம் தெறப்பாங்களோ, நாளைக்குத்தானோ. நாலு நாளா இதே ரோதனதான்."

நடந்தோம். அத்தை தலையில் ஒரு பை, என் தோளில் ஒரு பை. மரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் செம்பில் தண்ணீர் கொடுத்து, "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். இபடான் என்றேன். "அது எந்தத் தாலுக்கா?" என்றார். அத்தையிடம் மொழிபெயர்த்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம், இவர்கள் எதற்காக மறிக்கிறார்கள் என்று கேட்டார். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கு வந்து சேரவில்லை என்கிறார்கள், அதைக் கேட்கிறார்கள் என்றேன். "நியாயம்தானே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இதைப் படிக்கும் யாரும் நான் அந்தக் கோரிக்கையைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு கிலோமீட்டர் நடை, மூன்று மரம். பிறகு ஒரு டிராக்டர் தலைக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு தியாகதுருகத்தில் விட்டது. எங்கள் ஊருக்குத் திரும்புகிற முனையைக் கடந்தபோது அத்தை, "உன் வீடு இந்தப் பக்கம்தானே, அம்மாவைப் பார்க்க வேண்டாமா?" என்றார். சந்தைக்கு லாட்ஜ்தான் பக்கம் என்று இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் டவுன் பஸ். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். லாட்ஜில் இரட்டைக் கட்டில் அறை முப்பத்தைந்து ரூபாய்.

கள்ளக்குறிச்சிச் சந்தையில் பாதிச் சாமான் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. மொய்மொய் என்பதற்குக் காராமணி. ஊறவைத்துத் தோல் நீக்கி, மிளகாய் வெங்காயத்தோடு அரைத்து இலையில் பொட்டலம் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். அவர்களும் இலையில்தான் கட்டுவார்கள், இங்கே வாழையிலைக்கா பஞ்சம்! எகுசி என்கிற குழம்புக்கு அவர்கள் ஊரில் ஒருவகைத் தர்பூசணி விதை. இங்கே தோல் உரித்த பரங்கி விதையும் கீரையும் வைத்துச் சமாளிக்கலாம் என்றார். வறுக்க நேந்திரங்காய். ஆட்டுக்கறி. எல்லாம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று, கிழங்கு.

வேகவைத்து உரலில் இடித்து உருட்டுகிற கிழங்கு அது. அது இல்லாவிட்டால் கல்யாணமே நடக்கவில்லை என்று டாயோவின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை சேனையைத் தட்டிப் பார்த்து, "இது யானையின் பாதம்" என்று தள்ளிவிட்டார். மரவள்ளி மலைமலையாகக் கிடந்தது, எங்கள் பக்கத்தில் அதற்குக் குறைவே இல்லை. "இது ஏழைகளின் விருந்து. நல்லதுதான், ஆனால் கல்யாணத்துக்கு இல்லை" என்றார். கடைக்காரர் எங்கள் தவிப்பைப் பார்த்துவிட்டு, "நீங்க கேக்கறது கொடியில வெளையற வள்ளிக்கெயங்குமா. மல மேல கெடைக்கும். ஜாபர் பாய் ஜீப்பு தினம் போவுது, கேட்டுப் பாருங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜாபர் பாய் ஜீப். தலைக்குப் பத்து ரூபாய். அவர் குடும்பத்துக்குக் கள்ளக்குறிச்சியில் கறிக்கடையும் புளி மண்டியும் உண்டு. இவர் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் ஏற்றி வருகிறவர், ஏறும்போதே நான் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக்கொண்டார். கச்சிராயபாளையம் வரை பதினாலு கிலோமீட்டர் நல்ல ரோடு. கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். அங்கிருந்து வெள்ளிமலை ஜீப்பின் மீட்டரில் இருபத்தைந்து கிலோமீட்டர், அதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க எதையோ பாடிக்கொண்டே வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் ஜீப் போகாது. நாலு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. ஜாபர் பாய் தனக்கும் வேலை இருப்பதாகச் சொல்லிக் கூடவே நடந்தார்.

அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள். சின்னப்பொண்ணு என்று என் வயதுப் பெண் ஒருத்தி, அவள் புருஷன் கோவிந்தன். ஜாபர் பாய் விஷயத்தைச் சொன்னதும் கோவிந்தன் கடப்பாரையோடு போய் அரை மணியில் ஒரு கிழங்கைத் தோண்டி வந்தார். முழங்கை நீளம், மண் உதிர உதிர. அத்தை கத்தியால் ஒரு முனையைச் சீவி, வெள்ளைப் பாலைத் தொட்டு நக்கினார். பிறகு கிழங்கைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த இடத்திலேயே இரண்டு சுற்று ஆடினார். சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேகவைத்தார்கள். சின்னப்பொண்ணின் உரலைப் பார்த்ததும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உலக்கையை எடுத்தார். எதிரே சின்னப்பொண்ணு இன்னொரு உலக்கை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது, ஆனால் உலக்கைகள் ஒருமுறைகூட மோதவில்லை. பத்து நிமிடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை உருண்டை. கோழிக் குழம்பில் தொட்டு எல்லோரும் சாப்பிட்டோம். அந்தப் பயணத்தில் நான் கோபமில்லாமல் இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

"தலைக்கு முந்நூறு கிராம்" என்றார் அத்தை. "நானூறு பேர். நூற்றிருபது கிலோ வேண்டும் என்று சொல்."

சொன்னேன். கோவிந்தன் அஞ்சு நாளில் தோண்டிவிடலாம் என்றார். ஜாபர் பாய் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எதுக்கும்மா அவ்ளோ? ஒங்க பெரிப்பா எங்க கடையில கறி சொல்லி வெச்சிக்கிறாரே. கொட்டாயில குந்தறவங்களுக்கு மட்டும், நாப்பது பேருக்குப் போதும்னாரு. நாப்பதுக்கு நூத்தி இருவது கிலோ ரொம்ப ஜாஸ்தியாச்சே."

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார். எனக்குத் தெரியும்தான்.

அத்தை தலையைத் தூக்கினார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதானே. அதுவே போதுமானதாக இருந்தது.

"நாப்பது?" என்று தமிழிலேயே கேட்டார். "நானூறு இல்லையா?" என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தார்.

சொல்லிவிட்டேன். பந்தல், கொட்டகை, மூன்றாம் பந்தி எல்லாவற்றையும்.  முடித்ததும் அத்தை, "உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்றார்.

"ஒரு மாதமாக."

"ஒரு மாதமாக என் அண்ணியை வைக்கோல் பக்கத்தில் உட்காரவைக்கச் சம்மதித்துவிட்டு, என்னை மலை மலையாகக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறாய். உன் பெரியப்பா மீது எனக்குக் கோபமில்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. உன்னோடு இரண்டு வாரம் ஒரே அறையில் தூங்கியிருக்கிறேன்."

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. பெரியப்பா மேல், அம்மா மேல், ஜாபர் பாய் மேல்கூட. சின்னப்பொண்ணு என்ன சண்டை என்று கேட்டாள். ஜாபர் பாய் விளக்கினார். அவள் உரலைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"கீழ நாங்க போனாலும் அப்டித்தான் தனியா குந்த வெப்பாங்க. எங்களுக்கு அது புதுசா? நீ கூடத்தான் கல்யாணத்துக்குக் கெயங்கு வேணும்னு வந்த. கல்யாணத்துக்கு வாங்கன்னு ஒரு வார்த்த வந்துச்சா ஒன் வாயில?"

வரவில்லை. வந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் தின்றுகொண்டிருந்தேன், எனக்குத் தோன்றவே இல்லை.

சமாளிக்கப் பார்த்தேன். ரோடு மறியல், நீங்கள் எப்படி வருவீர்கள் என்று ஏதோ உளறினேன். கோவிந்தன் கேட்டார்: "ரோட்ட மறிச்சா எங்களுக்கு இன்னா? எங்களுக்கு ரோடே இல்லியே."

அத்தை கிழங்கு எதையும் எடுத்துக்கொள்ள விடவில்லை. "எத்தனை பேர் என்று தெரியாமல் நான் அடுப்புப் பற்றவைப்பதில்லை" என்றார். கோவிந்தனிடம் மூன்று நாளில் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இறங்கும்போது அத்தை பாடவில்லை. லாட்ஜ் அறையில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்.

மூன்றாம் நாள் காலை 8.15 டவுன் பஸ்ஸில் தியாகதுருகம். நான் தனியாகப் போகிறேன் என்றேன். "நான் சமையல்காரி. எண்ணிக்கையைச் சொல்கிறவர் வாயிலிருந்தே கேட்க வேண்டும்" என்று அவரும் ஏறிவிட்டார். பெரியப்பா வீட்டில் இல்லை. ஊர் முனையில், வெட்டிப்போட்ட மரத்தின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் முப்பது பேர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மரியாதையில் குறையே வைக்க மாட்டார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

"வாம்மா. அம்மாவும் வந்துக்கிறாங்களா, வாங்கம்மா. டேய், ரெண்டு சோடா எட்தாடா."

"பெரிப்பா, பந்தி ஒண்ணுதான். எல்லாரும் பந்தல்லதான் குந்தணும். அவங்க சாப்பாடும் நம்ம சாப்பாடும் ஒரே எலையில."

"அதான் பேசி முடிச்சாச்சே."

"நான் ஒத்துக்கினது தப்பு."

"நம்ம ஜனங்க பாதியில எய்ந்துக்கினு போயிடுவாங்க. அப்பறம் எனக்கு இன்னா மரியாத இந்த ஊர்ல?"

"இங்க இன்னா கேட்டுக் குந்திக்கினு இருக்கீங்க?"

அவர் முகம் மாறியது. "அது வேற, இது வேற" என்றார் தணிந்த குரலில்.

அதற்கப்புறம் நான் கத்தினேன். என் வாழ்க்கையில் ஆண்கள் கூட்டத்தின் நடுவே கத்தியது அதுதான் முதல் தடவை. "இன்னா வேற? எங்க புள்ளைங்களும் காலேஜுல சமமா குந்தணும்னு மரத்த வெட்டிக்கினு கேக்கறீங்க. கேளுங்க. நானும் ஒங்களோட குந்திக் கேக்கறேன். ஆனா ஒங்க வூட்டுக்குச் சம்பந்தியா வர்ற பொம்பளய வெக்கலு பக்கத்துல குந்துன்னு சொல்ல ஒங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு? நானும் சேந்து சொன்னேனே, எனக்கு எப்படி வந்துச்சு?"

 சோடா வந்தது. யாரும் வாங்கவில்லை.

"அப்போ என் களத்துல கல்யாணம் இல்ல" என்றார் பெரியப்பா.

"சரி" என்றேன். 

ரோட்டோரம் நடந்து வரும்போது அத்தை கேட்டார், "இப்போது எத்தனை பேர்?"

"தெரியாது."

"நல்லது. இதுவரை நீ சொன்னதில் இது ஒன்றுதான் உண்மையான எண்" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் என் பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் கள்ளக்குறிச்சியில் ஜாபர் பாய் குடும்பத்தின் புளி மண்டியில் நடந்தது. புதுப் புளி வர ஒரு மாதம் இருந்ததால் இடம் காலி. "இன்னாம்மா பெரிய இடம், பெருக்கி வுட்டா போச்சு" என்று சாவியைக் கொடுத்தார். வெள்ளிமலைக்கு இன்னொரு தடவை ஜீப்பில் போய், நாலு கிலோமீட்டர் நடந்து, பன்னிரண்டு வீட்டுக்கும் பத்திரிகை வைத்தேன். சின்னப்பொண்ணு அதை வாங்கி, "எளுத்து தெரியாது, படிச்சிக் காட்டு" என்றாள். வாசலில் நின்று முழுதும் படித்தேன். பதினெட்டுப் பேர் வந்தார்கள், நாற்பது கிலோ கிழங்கோடு. அன்று ரோடு திறந்திருந்தது. மொத்தம் நூற்றுப் பதினைந்து இலை. சாம்பாரும் பாயசமும் ஜொலொஃப்பும் மொய்மொய்யும் ஒரே இலையில். கறி வேண்டும் என்றவர்களுக்குக் கறி. டாயோவின் அம்மா கிழங்கை ஒரு வாய் தின்றுவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். ஃபுன்கே அத்தை சின்னப்பொண்ணைக் காட்டினார். பெரியப்பா வரவில்லை. பின்னால் ஒதுக்கீடு வந்தது, என் சித்தி மகன் அதில்தான் படித்தான், சந்தோஷம். பெரியப்பா ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தபோது எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. நான் தொடவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு அந்த வெட்டிய மரத்தின் நினைவுதான் வருகிறது. பெரிய மனசோடு மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

சரி, ஆத்தூர்ப் பெண்ணுக்கு. கிழங்குக்கு மார்கழி, தை, மாசி மூன்று மாதம்தான் நல்ல பருவம். இப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குத் தார் ரோடும் பஸ்ஸும் உண்டு, கிளம்பும் நேரத்தைப் பஸ் நிலையத்தில் முதல் நாளே கேட்டுக்கொள். "வள்ளிக்கிழங்கு" என்று மட்டும் சொன்னால் சர்க்கரைவள்ளியைக் காட்டுவார்கள், கொடிவள்ளி என்று சொல். வேறு பதார்த்தங்களும் இருந்தால் தலைக்கு முந்நூறு கிராம் தாராளம். காராமணியை முதல் நாள் இரவே ஊறவை, தோல் நீக்க ஆள் வேண்டும். தக்காளி மலிவாக இருக்கிறதே என்று பழுத்துக் குழைந்ததை வாங்காதே, ஜொலொஃப் புளித்துவிடும். யாரை எங்கே உட்காரவைப்பது என்பதை, யார் அழுதாலும், சாமான் பட்டியல் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடு. என்னைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதே.

இன்னொன்று. கல்யாணத்தன்று பகல் ஒரு மணிக்கு, இரண்டாவது பந்தி நடக்கும்போது, பெரியப்பாவின் சொந்த மருமகள் வளர்மதி அக்கா, எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேரோடு மண்டியின் பின்வாசல் வழியாக வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்களாம். முன்பக்கம் கூட்டிவந்து, நைஜீரியப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். வளர்மதி அக்கா கிழங்கு உருண்டையைப் பிட்டு, எகுசிக் குழம்பில் தோய்த்து, மெதுவாக மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"களி மாதிரிதான்டி கீது" என்றாள். "இதுக்கா இவ்ளோ சண்ட?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியை அங்கேயே வீசிவிடலாம் போலிருந்தது. அதற்குள் அவள் இலையை என் பக்கம் நகர்த்தி, "இன்னொண்ணு வை" என்றாள். வைத்தேன்.